மலிவு விலை 9 மி.மீ. கார்பைன்: மேகசினிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போய், “ஐந்நூறு, அறுநூறு டாலருக்குள் 9 மி.மீ. கார்பைன் ஒன்று வேண்டும்” என்றால் நாலைந்து மாடல்களை எடுத்துக் கவுன்டரில் பரப்பிவிடுவார்கள். அவற்றைத் தூக்கிப் பார்க்கும் முன் யோசிக்க வேண்டியது இது: வீட்டில் ஏற்கெனவே எந்தக் கைத்துப்பாக்கி இருக்கிறது, அதன் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) இவற்றில் எதற்குள் போகும்? பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டு) எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

கைத்துப்பாக்கியில் போடும் அதே தோட்டாவைச் சுடும், தோளில் அணைத்துப் பிடிக்கும் நீளத் துப்பாக்கிதான் இந்தக் கார்பைன். அமெரிக்காவில் பி.சி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இதை வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் மூன்று. 9 மி.மீ. பயிற்சித் தோட்டா, 5.56 என்ற ரைஃபிள் தோட்டாவைவிட ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது. ரைஃபிள் தோட்டாவை அனுமதிக்காத பல உள்ளரங்க ரேஞ்சுகள் (சுடும் பயிற்சிக் கூடங்கள்) இதை அனுமதிக்கும். கைத்துப்பாக்கியில் 25 கெஜத்தில் தடுமாறுகிறவர்கூட இதில் 50 கெஜத்தில் தட்டு அளவு இலக்கை நிதானமாக அடிப்பார், ஏனென்றால் துப்பாக்கியைத் தோள், கன்னம், இரண்டு கைகள் என நாலு இடம் தாங்குகிறது. 150, 200 கெஜம் சுட வேண்டும், மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்றால் இது அதற்கான கருவி இல்லை. அப்படிப்பட்டவர்கள் இதை வாங்கிவிட்டுப் பிறகு குறை சொல்வதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

வாங்கும் தகுதி

நம் ஆட்கள் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 விசாக்களில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் வழக்கமாகப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. அது இல்லாமல் ரேஞ்சில் வாடகைக்குத் துப்பாக்கி எடுத்துச் சுடுவதும் “வைத்திருப்பது” என்ற கணக்கில்தான் வரும். நண்பர் பெயரில் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்வது தனிக் குற்றம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடியேற்ற நிலை பற்றிய கேள்வி இருக்கிறது, அதில் பொய் சொன்னால் சிறைவரை போகலாம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவில் படிக்கிறவர்களுக்கு இது வெறும் தகவல்தான். அங்கே 9 மி.மீ. தடை செய்யப்பட்ட குழல்துளை அளவுகளில் வருகிறது, சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

அடுத்தது குழல் நீளம். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் குறைந்தது 16 அங்குலமும் மொத்த நீளம் குறைந்தது 26 அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் அது “குறுங்குழல் ரைஃபிள்”. அதற்கு முன் அனுமதியும் பதிவும் வேண்டும். 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது, பதிவு போகவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு “இனி எதுவும் தேவையில்லை” என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கைப்பிடிக்குப் பின்னால் பிரேஸ் (கையோடு சேர்த்துக்கொள்ளும் தாங்கி) வைத்து “பிஸ்டல்” என்று விற்கப்படும் குட்டையான மாடல்களும் உண்டு. அவற்றைக் குறிவைத்து 2023-இல் வந்த கூட்டாட்சி விதியை டெக்ஸஸ் நீதிமன்றம் ஒன்று 2024-இல் ரத்து செய்தது. முதல் கார்பைன் வாங்குகிறவருக்கு இந்தச் சிக்கலே வேண்டாம், 16 அங்குலக் குழலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாநிலச் சட்டம் இதற்கு மேல். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் போன்ற இடங்களில் மேகசின் கொள்ளளவு, பிஸ்டல் கைப்பிடி, மடங்கும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பாகம்), குழல் முனையில் மரை என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. மடங்கும் மாடல்கள் பெரும்பாலும் அங்கே அடிபட்டுப்போகும். ருகர் நிறுவனம் இப்படிப்பட்ட மாநிலங்களுக்கென்றே மரையில்லாத குழலும் 10 தோட்டா மேகசினும் கொண்ட தனி மாடலை விற்கிறது. பழைய பாணி ஸ்டாக் இருப்பதால் அது பல இடங்களில் தப்பிவிடுகிறது.

மேகசின் கணக்கு

துப்பாக்கி விலை ஒருமுறை கொடுப்பது, மேகசின் விலை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒழுங்காகப் பயிற்சி செய்ய ஐந்து மேகசின் வேண்டும். க்ளாக் கைத்துப்பாக்கியின் மேகசின் 25 முதல் 30 டாலர். மேக்புல் நிறுவனத்தின் க்ளாக் வகை மேகசின் அதைவிடக் கொஞ்சம் மலிவு, ஆனால் க்ளாக்கின் சொந்த மேகசினில் தோட்டாவைப் பிடிக்கும் உதடுகளுக்குள் எஃகு உறை இருக்கிறது, மேக்புல்லில் அது கிடையாது. ரேஞ்சுக்கு மேக்புல் போதும். வீட்டுக் காவலுக்கு நிரப்பி வைப்பதற்குக் க்ளாக்கின் சொந்த மேகசினையே எடுப்பேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹை-பாயின்ட் 995 கார்பைன் ஏறத்தாழ 330 டாலருக்குக் கிடைக்கிறது. அது க்ளாக் போன்ற பிற நிறுவனக் கைத்துப்பாக்கிகளின் மேகசின் எதையும் ஏற்காது. தன் சொந்த 10 தோட்டா மேகசின் ஒன்றோடு வருகிறது. கூடுதலாக நான்கு வாங்கினால் நூறு டாலர் பக்கம் போய்விடும். அலமாரியில் ஏற்கெனவே ஐந்து க்ளாக் 17 மேகசின் வைத்திருப்பவருக்குக் கெல்-டெக் நிறுவனத்தின் சப்-2000 கார்பைன் ஏறத்தாழ 430 டாலர், அதோடு செலவு முடிந்தது. கடைச் சீட்டில் நூறு டாலர் வித்தியாசம் தெரிகிற இரண்டு துப்பாக்கிகளும் கடைசியில் ஒரே விலைதான். கையில் கைத்துப்பாக்கியே இல்லாதவருக்கு மட்டும் ஹை-பாயின்டின் மலிவு உண்மையான மலிவு.

இன்னொரு நுணுக்கம்: க்ளாக் 19 மேகசின் அளவுக்குக் கைப்பிடி செய்த சப்-2000-இல் நீளமான க்ளாக் 17 மேகசினும் போகும், கீழே கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். க்ளாக் 17 கைப்பிடி உள்ளதில் க்ளாக் 19 மேகசின் எட்டாது. இரண்டும் ஒரே விலையில் இருந்தால் எதை எடுப்பது என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி, பெரெட்டா 92, சிக் பி226 மேகசின்களுக்கும் சப்-2000 வந்திருக்கிறது. ஆர்டர் போடும்போது எந்த வகை என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்வது எளிதல்ல.

போல்ட்டின் எடை

மலிவான 9 மி.மீ. கார்பைன்கள் எல்லாமே நேரடி ப்ளோபேக் முறையில் இயங்குபவை. அதாவது வெடிக்கும் நேரத்தில் போல்ட்டைக் குழலோடு பூட்டிப் பிடிக்க எதுவும் கிடையாது. 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகலாம். குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் இறங்கும்வரை காலிக் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) குழலின் பின்முனை அறைக்குள் பிடித்து வைப்பது போல்ட்டின் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும்தான். எடை குறைந்தால் கேஸ் சீக்கிரம் வெளியே வந்து, தாங்குவதற்குச் சுவர் இல்லாத இடத்தில் கிழியும். அதனால்தான் இவ்வளவு சின்னத் தோட்டாவுக்கு இவ்வளவு கனமான போல்ட்.

இந்தக் கனமான இரும்புத் துண்டு ஒவ்வொரு சுடலிலும் பின்னால் ஓடி முட்டி, மறுபடி முன்னால் வந்து முட்டுகிறது. தோளில் விழும் உதையில் பெரும்பகுதி இந்த முட்டல்தான். 5.56 சுடும் ஏ.ஆர்.-15 ரைஃபிளில் பழகியவர்கள் 9 மி.மீ. கார்பைனைச் சுட்டுவிட்டு “இது ஏன் அதைவிட அதிகமாக இடிக்கிறது?” என்று கேட்பது இதனால்தான். அங்கே போல்ட் பூட்டிக்கொள்கிறது, அதனால் நகரும் பகுதியை இலேசாக வைக்க முடிகிறது.

விலை கூடக் கூட இந்த இடியைக் குறைக்கும் வழிகள் வருகின்றன. எம்.பி.5 வகைத் துப்பாக்கிகளில் உருளைகள் போல்ட்டைத் தாமதப்படுத்துகின்றன. சி.எம்.எம்.ஜி. நிறுவனத்தின் பான்ஷீயில் போல்ட் தலை சுழன்று தாமதமாகிறது. சிக் எம்.பி.எக்ஸ். வாயுவில் இயங்கிப் பூட்டிக்கொள்கிறது. மூன்றுமே ஆயிரம் டாலருக்கு மேல், நம் பட்ஜெட்டில் இல்லை. பட்ஜெட்டுக்குள் இந்தப் பிரச்சினையைத் தனியாக யோசித்துச் செய்தது ருகர் மட்டும்தான் என்பது என் கருத்து. அதன் போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்று கொஞ்சம் நகரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. போல்ட் பின்னால் போய் நிற்கும் கணத்தில் இந்த எடை சற்றுத் தாமதமாக வந்து முட்டுவதால், ஒரே பெரிய இடி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. துள்ளலும் குறைகிறது. போல்ட் ஓடும் தூரத்தையும் இதனால் குறைக்க முடிந்திருக்கிறது.

.40, 10 மி.மீ. போன்ற வலுவான தோட்டாவுக்கு ப்ளோபேக் கார்பைன் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் மனதில் வையுங்கள். போல்ட் இன்னும் கனமாகும், இடி கூடும், தோட்டா விலையும் கூடும். மலிவு என்பதுதான் நோக்கம் என்றால் 9 மி.மீ.-ஐ விட்டு நகரக் காரணமே இல்லை.

எந்தத் துப்பாக்கி

ருகர் பி.சி. கார்பைன் 2017 டிசம்பர் கடைசியில் அறிவிக்கப்பட்டது. 6.8 பவுண்டு, 16.12 அங்குலக் குழல், முனையில் 1/2-28 மரை. பெட்டிக்குள் இரண்டு மேகசின் கிணறுகள் (மேகசின் செருகும் கூடுகள்) வரும்: ஒன்று ருகரின் எஸ்.ஆர்.9, செக்யூரிட்டி-9 கைத்துப்பாக்கி மேகசின்களுக்கு, மற்றொன்று க்ளாக் மேகசின்களுக்கு. மாற்றுவதற்கு ஸ்டாக்கைக் கழற்ற வேண்டும், அடிக்கடி மாற்றும் வேலை அல்ல. போல்ட்டைப் பின்னால் இழுக்கும் இழுப்பான் கைப்பிடியையும் மேகசின் விடுவிப்பானையும் இடக்கைக்காரர்கள் மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். டிரிகர் பாகங்கள் பலவும் ருகர் 10/22 ரைஃபிளின் பாகங்களே, அதனால் நல்ல டிரிகர் வேண்டுமென்றால் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கும். குழல் முன்பாதியோடு கழன்று வரும்.

இந்தக் கழற்றும் வசதியில்தான் பலர் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். குழல் சேரும் இடத்தில் கையால் திருகும் வளையம் ஒன்று இருக்கிறது. புதுத் துப்பாக்கியில் அதை இடைவெளி இல்லாத அளவுக்கு இறுக்க வேண்டும், பிறகு சில நூறு தோட்டா கழித்து மறுபடி சரிபார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சேர்க்கும் இடத்தில் மெல்லிய ஆட்டம் வந்து, குண்டுகள் இலக்கில் சிதறும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) ரிசீவர் (போல்ட் இருக்கும் நடுப்பாகம்) மேல் இருக்கிறது, குழல் தனியாக ஆடுகிறது. குறிக்கண்ணாடி (ஆப்டிக்) கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றினால் பணம்தான் போகும்.

கெல்-டெக் சப்-2000 ஃப்ளோரிடாவில் செய்யப்படுவது. 4.25 பவுண்டு, நடுவில் மடித்தால் 16.25 அங்குலத்துக்கு 7 அங்குலம், மடிக்கணினிப் பைக்குள் அடங்கும். விலைக்கு இவ்வளவு வசதி வேறு எங்கும் கிடைக்காது. குறைகளும் அதே அளவுக்கு வெளிப்படை. பழைய மாடல்களில் டிரிகர் 9 பவுண்டுக்கு மேல் கனக்கும். இழுப்பான் பின்பக்கக் குழாய்க்குக் கீழே இருப்பதால் முதல் சில நாள் கை தடுமாறும். கன்னம் வைக்கும் இடம் வெறும் குழாய், நூறு தோட்டாவுக்குப் பிறகு கன்ன எலும்பு நினைவூட்டும். அதற்கு ரப்பர் உறை ஒன்று போட்டுவிடுங்கள். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் தானாகத் திறந்து நிற்காது, எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பழைய மாடல்களில் மேலே ரெட் டாட் வைத்தால் மடிக்க முடியாது, அல்லது மடிக்கும்போது சுழன்று விலகும் மவுண்ட் தனியாக வாங்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் முன்பிடியையே சுழற்றி ஆப்டிக்கோடு மடிக்கும்படி மாற்றிவிட்டார்கள். பழைய மாடல் 100 டாலர் மலிவாகக் கிடைத்தால், நல்ல மவுண்ட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி எஃப்.பி.சி. 2023-இல் வந்தது. இதுவும் மடங்கும், ஆனால் பக்கவாட்டில். அதனால் ஆப்டிக் இருந்த இடத்திலேயே இருக்கும். ஐந்து பவுண்டு எடை. டிரிகர் எம்&பி 2.0 கைத்துப்பாக்கியிலிருந்து வந்தது, பழைய சப்-2000-இன் டிரிகரோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறு உலகம். மூன்று மேகசின் பெட்டியிலேயே வருகின்றன, ஒன்று 17, இரண்டு 23. கூடுதல் மேகசின்களை ஸ்டாக்கிலேயே செருகி வைக்கலாம். குறிபார்க்கும் அமைப்பு எதுவும் வராது, ரெட் டாட் செலவைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்&பி கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. க்ளாக் வைத்திருப்பவர் இதன் பக்கம் வரத் தேவையில்லை.

மடங்கும் துப்பாக்கிகள் இரண்டுக்கும் பொதுவான விதி: மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே மடிக்க வேண்டும்.

ஹை-பாயின்ட் 995, ஓஹியோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டில் உருவானது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சுடும், நேராகவும் சுடும். 16.5 அங்குலக் குழல், வாழ்நாள் உத்தரவாதம், அதுவும் துப்பாக்கி எத்தனை கை மாறினாலும். கடைசித் தோட்டாவில் போல்ட் திறந்து நிற்கும். ரெட்பால் நிறுவனத்தின் 20 தோட்டா மேகசின்கள் கிடைக்கின்றன. சிக்கல் வருவது இரண்டு இடங்களில். திருகி மாட்டப்பட்ட இழுப்பான் கைப்பிடி அதிர்வில் தளரும். சுத்தமாகத் துடைத்து, ஒரு சொட்டு நீல நிற மரைப்பசை விட்டு இறுக்கினால் தீர்ந்தது. சிவப்புப் பசை போடாதீர்கள், பிறகு சூடாக்காமல் கழற்ற முடியாது. இரண்டாவது, பிரித்துச் சுத்தம் செய்ய ஆலன் திருகுகள் பலவற்றைக் கழற்ற வேண்டும். அதனால் பலர் பிரிப்பதே இல்லை. குழலைக் கயிற்றுத் துடைப்பான் விட்டு இழுத்து, போல்ட் முகத்தைக் காலிக் கேஸ் வெளியேறும் ஜன்னல் வழியாகத் துடைத்து, ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை மட்டும் முழுதாகப் பிரித்தால் போதுமானது.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு மார்லின் கேம்ப் கார்பைன் அடிக்கடி கண்ணில் படும். 1985 முதல் 1999 வரை வந்தது. மர ஸ்டாக், 9 மி.மீ. மாடலில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59 வகை மேகசின். பார்த்ததும் மனம் போகும். பணம் கொடுக்கும் முன் ஸ்டாக்கைக் கழற்றிப் போல்ட்டின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் பஃபரை (இடிதாங்கி) பாருங்கள். இத்தனை ஆண்டில் அது பிஸ்கட் போல நொறுங்கியிருக்கும். அது போனால் போல்ட் நேரே ரிசீவரில் முட்டி, ஸ்டாக் விரிசல் விடும். புதுப் பஃபரும் அழுத்தமான ஸ்பிரிங்கும் சில பத்து டாலர்தான், விரிசல் விட்ட ஸ்டாக்குக்கு மாற்று தேடுவது பெரும்பாடு.

ஏ.ஆர்.-9 பக்கம் போகிறவர்களுக்கு

ஏ.ஆர்.-15 வடிவிலேயே 9 மி.மீ. சுடுவது ஏ.ஆர்.-9. ஏ.ஆர்.-15 ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பான ஆசை. செஃப்டி, டிரிகர், கைப்பிடி எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும். 600 டாலர் சுற்றுவட்டத்தில் முழுத் துப்பாக்கியே கிடைக்கிறது. ஆனால் மலிவான ஏ.ஆர்.-9 என்பது பல நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளும் கூட்டுக்குடும்பம், ஒன்று ஒத்துழைக்காவிட்டால் எல்லாம் தகராறு.

முதல் தகராறு, ஸ்டாக் குழாய்க்குள் போல்ட்டைத் தாங்கும் பஃபர். 9 மி.மீ. போல்ட்டும் சாதாரண பஃபரும் சேர்ந்தால் போல்ட் தேவைக்கு மேல் பின்னால் ஓடும். திரும்பி வரும் அந்தக் கூடுதல் தூரத்தில் வேகம் எடுத்து, கடைசித் தோட்டாவில் போல்ட்டைப் பிடிக்கும் சின்னக் கொக்கியில் (போல்ட் கேட்ச்) மோதி அதை உடைக்கும். “என் போல்ட் கேட்ச் இரண்டாவது முறை உடைந்துவிட்டது” என்ற புலம்பலுக்குக் காரணம் அநேகமாக இதுதான். தீர்வு, 9 மி.மீ.-க்கென்றே செய்த நீளமான, கனமான பஃபர் அல்லது குழாய்க்குள் போடும் ஸ்பேஸர். 5.5 அவுன்ஸில் தொடங்கி 8 அவுன்ஸ் வரை கிடைக்கும். போல்ட் மிகக் கொஞ்சம் மட்டும் கேட்சைத் தாண்டிப் போக வேண்டும். அளவுக்கு மீறிக் கனமாக்கினால் மெல்லிய பயிற்சித் தோட்டாவுக்குப் போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் காலிக் கேஸ் ஜன்னலில் சிக்கும்.

இரண்டாவது, ஹேமரும் (டிரிகர் விடுவிக்கும் சுத்தி) போல்ட்டும். போல்ட்டின் அடிப்பக்கம் சரிவாகச் செதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹேமரை ஒவ்வொரு முறையும் முரட்டுத்தனமாக அழுத்தி ஊசிகளை வளைக்கும். விலை உயர்ந்த டிரிகரை ஏ.ஆர்.-9-இல் போடும் முன் அதன் தயாரிப்பாளர் 9 மி.மீ. ப்ளோபேக்குக்கு அனுமதிக்கிறாரா என்று பாருங்கள், பலர் அனுமதிப்பதில்லை.

மேகசினில் இரண்டு கட்சி. கோல்ட் (Colt) நிறுவன வகை எஃகு மேகசினில் தோட்டா இடமும் வலமும் மாறி மாறி மேலே வரும், ஊட்டுவது சீராக இருக்கும். க்ளாக் வகையில் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒற்றை வரிசையாகக் குறுகும். விலையும் கிடைப்பதும் க்ளாக் பக்கம், சீரான ஊட்டல் கோல்ட் பக்கம். வீட்டில் க்ளாக் இருந்தால் க்ளாக் வகையை எடுங்கள், இல்லையென்றால் கோல்ட் வகையை யோசிக்கலாம்.

தோட்டாவும் ஜீரோவும்

115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா கைத்துப்பாக்கியின் 4 அங்குலக் குழலில் நொடிக்கு ஏறத்தாழ 1,150 அடி வேகம் தரும். 16 அங்குலத்தில் அது 1,250 முதல் 1,350 வரை ஏறும். 147 கிரெய்ன் தோட்டாவில் 50 அடி கூடினால் அதிகம். 9 மி.மீ.-இல் போடும் கொஞ்ச மருந்து 10, 12 அங்குலத்துக்குள் எரிந்து முடிந்துவிடுகிறது. மீதிக் குழல் பெரும்பாலும் சட்டத்துக்காகச் சுமப்பது. குழல் நீளத்தால் உண்மையில் லாபம் பெறும் தோட்டா .357 மேக்னம். கைத்துப்பாக்கியில் 1,250 அடி போகும் 158 கிரெய்ன் குண்டு, லீவர் கார்பைனில் 1,700-ஐத் தாண்டும். சக்தி வேண்டும் என்பவர் அந்தப் பக்கம் போகலாம், தோட்டா விலையைப் பார்த்துவிட்டு.

147 கிரெய்ன் தோட்டா கார்பைன் குழலிலும் பெரும்பாலும் ஒலி வேகமான 1,125 அடிக்குள் அடங்குவதால் சப்ரஸர் (சத்தம் குறைக்கும் முனைக் குழாய்) வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி. இலக்கில் பட்டு விரியும் குண்டுகளும் கைத்துப்பாக்கி வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. இலேசானவை கார்பைன் வேகத்தில் சீக்கிரம் விரிந்து, ஊடுருவல் குறையலாம். வீட்டுக் காவலுக்கு 124 அல்லது 147 கிரெய்ன் எடுப்பது பாதுகாப்பான பக்கம். ப்ளோபேக் துப்பாக்கியில் கூடுதல் அழுத்தத் தோட்டா போடும் முன் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

ரெட் டாட் 130 டாலர் பக்கத்தில் நல்லவை கிடைக்கின்றன. பெரிதாக்கும் ஸ்கோப் இந்தத் தூரத்துக்குத் தேவையில்லை. ஜீரோவை, அதாவது டாட்டும் குண்டும் ஒரே புள்ளியில் சேரும் தூரத்தை, 25 கெஜத்தில் வையுங்கள். குழலுக்கு மேல் 2 அங்குல உயரத்தில் டாட் இருக்கிறது என்று கொண்டால், 115 கிரெய்ன் தோட்டா 50 கெஜத்தில் அரை அங்குல வித்தியாசத்துக்குள் அதே புள்ளியில் விழும். 75-இல் ஓர் அங்குலம் கீழே, 100-இல் 4 முதல் 5 அங்குலம் கீழே. மறந்துவிடக்கூடாதது அருகில் நடப்பது: 7 கெஜத்தில் குண்டு டாட்டுக்கு ஓர் அங்குலத்துக்கும் மேல் கீழே விழும். ஒரு வீட்டின் கூடத் தூரம் அதுதான். எடை வேறான தோட்டாவுக்கு மாறினால் ஜீரோவை மறுபடி பாருங்கள்.

முதல் நாள் ரேஞ்சில்

மேகசின் ஒவ்வொன்றுக்கும் அடியில் வண்ணப் பேனாவால் எண் போடுங்கள். மொத்தம் 200 தோட்டா, இரண்டு வேறு நிறுவனத்தின் பயிற்சித் தோட்டா. சிக்கல் வந்தால் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எண்ணில் மறுபடி மறுபடி வந்தால் குற்றவாளி மேகசின், துப்பாக்கி இல்லை.

நிரம்பிய மேகசின் மூடிய போல்ட்டுக்குக் கீழே உட்கார மறுத்தால் ஒரு தோட்டாவைக் குறைத்துப் போடுங்கள். அடித்து ஏற்றினால் மேலே உள்ள தோட்டா சாய்ந்து முதல் ஊட்டலே சிக்கும். தோட்டா வெடிக்காமல் பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைப்பு மூடி) மெல்லிய தடம் மட்டும் தெரிந்தால், இழுப்பானைக் கையோடு மெதுவாக முன்னால் கொண்டுபோனீர்களா என்று யோசியுங்கள். கனமான போல்ட்டை இழுத்து விட்டுவிட வேண்டும், கூடவே போகக்கூடாது. காலிக் கேஸ் ஜன்னலில் நின்றால் முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள், அடுத்து காலிக் கேஸை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் கீழ் அழுக்கைப் பாருங்கள்.

“டப்” என்று வழக்கத்துக்கு மாறாக மெல்லிய சத்தம் கேட்டு உதை குறைவாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். கைத்துப்பாக்கிக் குழலை விட்டு எப்படியோ வெளியேறிவிடும் பலவீனமான தோட்டா, 16 அங்குலக் குழலில் நடுவில் நின்றுவிடலாம். அடுத்த குண்டு அதன் மேல் மோதினால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து, பின்னாலிருந்தோ அறைக்குள் வெளிச்சம் விட்டோ குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

உள்ளரங்கத்தில் காதுக்குள் நுரை அடைப்பும் மேலே கவசமும் இரண்டும் போடுங்கள். ப்ளோபேக் துப்பாக்கி வாயுவையும் ஈயத் தூசியையும் முகத்துப் பக்கம் அதிகம் தள்ளும், சப்ரஸர் இருந்தால் இன்னும் அதிகம். கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு முகமும் கையும் கழுவிவிட்டுக் காரில் ஏறுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அன்றைய சட்டையைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள். வீட்டில் துப்பாக்கி பூட்டுக்குள், தோட்டா வேறு பூட்டுக்குள். சில மாநிலங்களில் இது சட்டமும்கூட.